பூனை வாடை போன அறை

சத்தியபாயின் மூக்கைப் பற்றிக் குறை சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரத்தானே செய்யும். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிச்சி எது, மல்லி எது என்று சொல்லிவிடுவாள். பழைய கருவாடும் புதுக் கருவாடும் அவளுக்கு நாலடி தூரத்திலேயே வேறு வேறு. ஒரே ஒரு வாடைதான் அந்த மூக்கில் ஏறாது. அமோனியா. குலசேகரம் பக்கம் ஒரு தனியார் ரப்பர் பால் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். மரத்திலிருந்து வடித்த பால் கெட்டுப்போகாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கக் கண்ணீரும் மூக்குநீருமாக நிற்பார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். சத்தியபாய்க்குப் பழகிப் பழகி, அப்படி ஒரு வாடை உலகத்தில் உண்டு என்பதே மறந்துபோனது.

அதை அவள் பெரிய குறையாக நினைக்கவில்லை. ஊரில் பல் போனவர்கள் இருக்கிறார்கள், காது போனவர்கள் இருக்கிறார்கள், ஒரு வாடை போனதில் என்ன குடிமுழுகிவிட்டது என்று இருந்தாள்.

வேலையிலிருந்து நின்றதும் கம்பெனி கொடுத்திருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சுசீந்திரம் பக்கம் வாடகைக்கு வந்தாள். அங்கே அவளுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. மகள் ஜிஷா குவைத்தில் நர்ஸ். அவளைக் கட்டிக்கொடுத்த வீடு நாகர்கோவிலில். லீவுக்கு வருகிற பிள்ளை குலசேகரத்துக்குப் பஸ் பிடித்து வரச் சங்கடப்படுவாள், கூப்பிடு தூரத்தில் நாம் போய் இருந்துகொண்டால் வருவாள், வந்தால் நாலு நாள் தங்குவாள். இதற்காகத்தான் வந்தாள், வேறு ஒன்றுக்கும் இல்லை. மகளோடு நாலு நாள் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்க வேண்டும், காலையில் அவளுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன ஆசையாகத்தான் இருக்கும்.

நேசபாய் வீட்டின் பின்பக்கத்தில் தனி அறை கிடைத்தது. ஒரு மூலையில் அடுப்பு மேடை, வெளியே குளிமுறி, சிவப்புச் சிமெண்டுத் தரை, ஜன்னலைத் திறந்தால் வயல். நேசபாய் சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற மரியாதைப்பட்ட பெண். அவள் கேட்ட வாடகை அக்கம்பக்கத்தை விடக் குறைவு. சத்தியபாய் அதைக் கர்த்தருடைய கிருபை என்று எடுத்துக்கொண்டாள்.

போன வருஷம் ஆகஸ்டில் ஜிஷாவும் மாப்பிள்ளை ஜெஸ்பினும் வந்தார்கள். இரண்டு நாள் தங்குவதாகப் போனில் பேச்சு. சத்தியபாய் புதுப்பாய் வாங்கி, மரச்சீனிக் கிழங்கு அவித்து, அயலை மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். மாப்பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்ததும் மூன்று தும்மல் போட்டார். நாலாவது தும்மலுக்கு வாசலுக்கே போய்விட்டார். ஜிஷா அரைத்தட்டு கிழங்கைத் தின்றுவிட்டு, "இவங்களுக்கு அலர்ஜி உண்டும்மா. நாங்க போயிட்டு இன்னொரு நாள் வாறோம்" என்று எழுந்தாள். அந்த இன்னொரு நாள் வருவதற்குள் லீவு தீர்ந்து விமானம் ஏறிவிட்டாள்.

சத்தியபாய் அன்றைக்கு மிச்சக் கிழங்கை மூன்று வேளை தின்றாள். நான் என்ன செய்துவிட்டேன், என்ன சொல்லிவிட்டேன் என்று ஒரு வருஷம் மண்டையைப் போட்டுக் குடைந்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுத்த தம்ளரில் கீறல் இருந்ததோ என்றுகூட யோசித்தாள். பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்கிற ஒரு நினைப்பு மட்டும் வாசல் வரை வரும். அதை அவள் உள்ளே விடமாட்டாள்.

மர்மம் உடைந்தது மீன்காரி ஞானசெல்வியால். மணக்குடியிலிருந்து அந்தத் தெருவுக்குப் புதிதாக மீன் கொண்டுவர ஆரம்பித்தவள். முதல் நாள் தலையிலிருந்த மீன் சருவத்தை இறக்கிவைத்து மேலே மூடியிருந்த வாழையிலையை விலக்கினாள், அறைப்பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தாள்.

"எக்கா, எத்தன பூன வளக்கிய?"

"நான் எங்க பூன வளக்கியேன்?"

"பின்ன இந்த நாத்தம் எங்கேருந்து வருது? கடுவன் பூன மூத்திரம் மாதிரில்லா அடிக்கு. வாசல்ல நிக்க முடியல."

சத்தியபாய்க்குச் சுள்ளென்று ஏறியது. "மீன் சருவம் சொமந்துட்டு வாறவ எனக்கு நாத்தம் சொல்லுதியாட்டி?"

ஞானசெல்வி கோபிக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போவதை இருபது வருஷமாகப் பார்த்தவள். "மீன் நாத்தம் எனக்குத் தெரியாதுக்கா. அதுலயே கெடந்து பழகிப் போச்சு. மத்த நாத்தம் எல்லாம் நல்லாத் தெரியும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் சத்தியபாய்க்கு எல்லாம் பிடிபட்டது. பழகிப் போச்சு. பூனை மூத்திரத்தில் அடிக்கிறது அமோனியா. உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிகிற வாடை அவளுக்கு மட்டும் தெரியாமல், அதற்குள் இரண்டு வருஷம் சோறு பொங்கித் தின்று, அதற்குள்ளேயே மாப்பிள்ளையையும் உட்கார வைத்திருக்கிறாள்.

வெட்கத்தில் காது சிவந்தது, அது நியாயம். ஆனால் வெட்கத்துக்குப் பின்னால் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதைத்தான் சொல்ல வேண்டும். ஞானசெல்வி போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். அப்படியானால் ஜிஷா எழுந்து போனது நாற்றத்தால்தான். என்னால் இல்லை. நாற்றம் என்றால் கழுவிவிடலாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் வருவதற்குள் கழுவிவிட்டால் தீர்ந்தது.

நேசபாயைப் பிடித்து நெருக்கியதில் அவள் மென்று விழுங்கி உண்மையைச் சொன்னாள். முன்பு இருந்தவர் தனிக்கட்டையான ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன். ஏழு பூனை வைத்திருந்தார். திருப்பூரில் அண்ணன் மகனிடம் போகும்போது பூனைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். ஆறு பூனை வேறு வீடு பார்த்துக்கொண்டன. ஏழாவது சாம்பல் வரி போட்ட ஒரு ஆண் பூனை, கடுவன். அது இன்னும் ஜன்னல் வழியாக வந்து, அறை தனக்குப் பாத்தியப்பட்டது என்று மூலைக்கு மூலை வாலைத் தூக்கி முத்திரை வைத்துவிட்டுப் போகிறது. சத்தியபாயும் அதை அவ்வப்போது பார்த்திருக்கிறாள். பாவம், பசிக்கு வருகிறது என்று நினைத்துச் சோறு வேறு வைத்திருக்கிறாள்.

"இத நீங்க மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"ஒனக்கே தெரியும், ஆனா ஒண்ணும் சொல்லாம பொறுமையா இருக்கியேன்னுல்லா நான் நெனச்சேன். சர்ச்சுல ஒன்னப் பத்தி எவ்வளவு பெருமையாச் சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றாள் நேசபாய்.

வேறு யாராக இருந்தாலும் பினாயில் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். சத்தியபாய் ரப்பர் பால்காரி. அமோனியாவை அடக்க ஆசிட் என்பது அவளுக்கு அப்பம் தின்கிறது போலத் தெரிந்த விஷயம். பாலை உறைய வைத்து ரப்பர் ஷீட் அடிக்கிறவர்கள் வீட்டில் அந்த ஆசிட் எப்போதும் ஒரு கேன் இருக்கும். பழைய சிநேகிதியிடம் சொல்லிக் குலசேகரத்திலிருந்து வரவழைத்தாள். கையுறை போட்டு, முகத்தில் துணி கட்டி, அளவாகத் தண்ணீர் கலந்து, கம்பெனியில் செய்வது போலவே சுத்தமாகச் செய்தாள். தரையில் ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. நாற்றம் சாகிறது என்று நினைத்தாள். செத்தது நாற்றமில்லை, சிமெண்டு. கண்ணாடி போலிருந்த சிவப்புத் தரை தேமல் விழுந்த மாதிரி வெளுத்து, சொரசொரப்பாகி, சின்னச் சின்ன ஓட்டை விட்டுக்கொண்டது. இருக்கிற நாற்றம் போய் ஒளிந்துகொள்ள இன்னும் ஆயிரம் பொந்து.

"ஏட்டி, இது எங்க மாமனாரு போட்ட தரை" என்றாள் நேசபாய். அதற்குமேல் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஏழு பூனையை மறைத்தவள் அல்லவா.

இப்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. வாடை போனதா இல்லையா என்று சத்தியபாய்க்கு எப்படித் தெரியும்? அவளுக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. வந்தவர்களிடம் கேட்டால் முகத்தைப் பார்த்து ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். "சேச்சே, ஒண்ணுமில்ல" என்பார்கள், சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்து நகர்வார்கள். எதிர்வீட்டு ஜெயபாய் ஒருபடி மேலே போய், "நல்ல சாம்பிராணி மணம்லா வருது" என்றாள். அந்த அறையில் சாம்பிராணி போட்டதே இல்லை.

அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்றால் கொஞ்சம் பாவம் ஒட்டிய யோசனைதான். சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தை இந்த வாரம் தன் அறையில் வைக்கச் சொல்லிக் கேட்டாள். பன்னிரண்டு பெண்கள் வந்து தரையில் விரித்த பாயில் நெருங்கி உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது, வசனம் வாசித்தார்கள், "ஜெபிப்போம்" என்றதும் பன்னிரண்டு பேரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார்கள். சத்தியபாய் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள். கண் திறந்திருக்கும்போது மரியாதைக்காக அடக்கி வைத்ததையெல்லாம், ஒருவரும் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில் கை தானாகச் செய்யும். நான்கு பேர் சேலை முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தி வேதப்புத்தகத்தையே முகத்தில் வைத்துக்கொண்டாள். சாம்பிராணி மணம் கண்ட ஜெயபாய் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆறு மூக்கு. எல்லாருக்காகவும் சத்தமாக நீண்ட ஜெபம் செய்த நேசபாய்க்கு மூச்சு முட்டி இருமல் வந்தது.

ஆண்டவரே மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, அவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் ஞானசெல்வியிடம் நேரே கேட்டாள். "எனக்கு மூக்கு இல்ல. நீ வந்து எங்க எங்க இருக்குன்னு காட்டித் தருவியா பிள்ளே?"

ஞானசெல்வி சருவத்தை வெளியே வைத்துவிட்டு, காலைக் கழுவி, உள்ளே வந்து முட்டுக்குத்தி உட்கார்ந்தாள். அந்த அறையை அவள் முகர்ந்த மாதிரி ஒரு பூனையும் முகர்ந்திருக்காது. சுவரோரமாகத் தவழ்ந்தாள், கதவு நிலையின் அடியில் மூக்கை வைத்தாள், கட்டில் காலைச் சுற்றினாள். வாடை இருந்த இடத்தில் எல்லாம் சத்தியபாய் சாக்கட்டியால் வட்டம் போட்டாள். தரையில் இரண்டு, கதவு நிலையில் ஒன்று. மிச்சம் பூராவும் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள். சுண்ணாம்பு அடித்த சுவர், கடுவன் அடித்த ஒவ்வொரு பீச்சலையும் குடித்து வைத்திருந்தது. இத்தனை நாள் தரையோடு மல்லுக்கட்டியது சும்மா.

"செவுத்தக் கொத்திப் போடணும்க்கா. கழுவுனா போகாது" என்றாள் ஞானசெல்வி.

கொத்தனார் வந்தார். முழ உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சிமெண்டு பூசி, மேலே எண்ணெய் பெயிண்ட் அடித்தார். தரைக்கு நேசபாய் தன் பங்காகப் புதுப் பூச்சு போட்டுக் கொடுத்தாள். கதவு நிலையைச் சொறுக்கா என்கிற வினிகரால் துடைத்துத் துடைத்து, கதவைக் கழற்றி நாலு நாள் வெயிலில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கொக்கி வைத்த கம்பிவலை வந்தது. ஞானசெல்வி தினமும் மீன் விற்ற கையோடு வந்து முகர்ந்து பார்த்து, "இன்னும் ஒரு பொடி இருக்கு", "இப்ப கொறஞ்சிருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனாள். டிசம்பர் முதல் வாரம் வந்து நடு அறையில் நின்று நீளமாக மூச்சை இழுத்தாள்.

"போச்சுக்கா. பெயிண்ட் மணம்தான் இருக்கு."

இருந்தாலும் சத்தியபாய்க்கு மனசு ஆறவில்லை. இன்னொரு வீட்டு ஜெபம் வைத்தாள். மறுபடியும் எல்லாரும் கண்ணை மூடினார்கள், அவள் திறந்தே இருந்தாள். ஒரு கை எழும்பவில்லை. ஜெயபாய் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சத்தியபாய்க்குக் கண்ணில் நீர் முட்டியது. அன்றைக்கு அவள் கடைசியில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிஜமாகவே ஜெபித்தாள்.

கடுவன் மட்டும் வலைக்கு வெளியே ஜன்னல் திண்டில் வந்து உட்கார்ந்து உள்ளே பார்த்துக் கத்தும். அவள் துடைப்பத்தை எடுப்பாள். எடுத்துவிட்டுச் சில நாள் அப்படியே நிற்பாள். அதுவும் தன் வீடு என்று நினைத்துத்தானே வருகிறது. ஆனால் மகள் வருகிறாள், இரக்கத்துக்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று ஒரு அடி கொடுத்து விரட்டுவாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் காலையில் ஜிஷா வந்தாள். நாலு நாள் தங்கச் சொல்லி சத்தியபாய் போனிலேயே கேட்டு வைத்திருந்தாள். ஜெஸ்பின் காரில் இறக்கிவிட்டு, தும்மாமலே காப்பி குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போனார். தாயும் மகளும் மட்டும். சத்தியபாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புது மெத்தை, புதுத் தலையணை உறை, மகள் குளிக்கப் புது சோப்பு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஜிஷா எல்லாவற்றையும் பார்த்து "நல்லா இருக்கும்மா" என்றாள். மத்தியானம் ஞானசெல்வி தனியாக எடுத்து வைத்துக் கொடுத்த விளமீனைக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். ஜிஷா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இந்தத் தடவை எழுந்து வெளியே போகவில்லை. மெத்தையில் சாய்ந்து போனைப் பார்த்தாள், குவைத் ஆஸ்பத்திரிக் கதை இரண்டு சொன்னாள். பேச்சு இரண்டு பேருக்கும் அடுத்த அடி எடுத்து வைக்கத் தெரியாமல் நின்றது. பரவாயில்லை, இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்று சத்தியபாய் நினைத்துக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு ஜிஷா போனில் மெல்லப் பேசினாள். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க கார் எடுத்துட்டு வாறாங்கம்மா."

சத்தியபாய்க்கு முதலில் விளங்கவில்லை. "வரட்டும் மக்களே. ராச்சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"இல்லம்மா. நானும் போறேன்."

சத்தியபாய் சட்டென்று சுவர் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். ஞானசெல்வி ஏதோ ஒரு இடத்தை விட்டிருக்கிறாள். "வாடை அடிக்கா? எங்க அடிக்கு, சொல்லு. நான் இப்பவே கழுவுதேன்."

"என்ன வாடை?"

"போன தடவை பூன நாத்தம் அடிச்சுல்லா. அதான நீ எழும்பிப் போன?"

"அடிச்சுது. ஆனா அதுக்கு யாராவது போவாங்களாம்மா? நான் நர்ஸ். இதைவிட எவ்வளவோ நாத்தத்துல பன்னெண்டு மணிக்கூர் நிக்கியேன்."

"பின்ன?"

ஜிஷா கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள். கோபமாகப் பேசியிருந்தால் சத்தியபாய் திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம். அவள் மெல்லத்தான் பேசினாள்.

"எனக்கு இங்க உறக்கம் வராதும்மா. அப்பா செத்ததும் என்னப் போர்டிங்ல விட்டிய. பத்து வயசு. மே மாசம் லீவுக்கு வந்தா ஒங்களுக்கு நைட் ஷிப்ட். நான் கதவப் பூட்டிட்டுத் தனியா உறங்குவேன், நீங்க வரும்போது நான் எழும்பியிருப்பேன், நீங்க உறங்குவிய. ஒரு வீட்டுல ஒங்ககூட எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியலம்மா. ஒங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. ஒங்க சம்பளத்துலதான் நான் படிச்சேன். ஆனா ராத்திரி ஆகப்போகுதுன்னா எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்கு."

பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்த ஷிப்டுகள் அவள் மூக்கை எடுத்துக்கொண்டதுதான் இத்தனை நாள் அவளுக்குத் தெரியும். குழம்பில் மிச்சமிருந்த துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, ஒழுகாமல் மூடி, பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தாள். ஜிஷா வாசலில் நின்று அவளைக் கட்டிப் பிடித்தாள். சத்தியபாய் அவளுடைய தலையில் மூக்கை வைத்து, எண்ணெய் மணமும் ஷாம்பு மணமும் வியர்வையும் கலந்த அந்த மணத்தை ஆன மட்டும் இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த லீவுக்குப் பாப்போம்மா" என்றாள் ஜிஷா. கார் தெருமுனை திரும்பியது.

அறைக்குள் வந்தாள். சுத்தமான அறை. பெயிண்ட் மணம்கூடப் போய்விட்டது. புது மெத்தையில் ஜிஷா சாய்ந்திருந்த இடத்தில் துணி கொஞ்சம் கசங்கியிருந்தது, அதை அவள் நீவிவிடவில்லை. நாற்றம் இருந்த காலத்தில் இந்த வெறுமை இப்படிக் கண்ணில் குத்தியதில்லை. அன்றைக்குக் கொத்துவதற்கு ஒரு சுவராவது இருந்தது.

ஜன்னல் திண்டில் கடுவன் உட்கார்ந்திருந்தது. துடைப்பத்துக்குப் பயந்து காதைப் பின்னால் மடக்கியது. சத்தியபாய் சட்டியிலிருந்து விளமீன் தலையை எடுத்து ஒரு தட்டில் வைத்து, கம்பிவலையின் கொக்கியைக் கழற்றி, வலையைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வா. வந்து தின்னு, சவமே."

கடுவன் நம்பாமல் சிறிது நேரம் பார்த்தது. பிறகு குதித்து உள்ளே வந்து மீன் தலையைத் தின்றது. தின்று முடித்ததும் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புதிதாகப் பூசிய சுவர் மூலையில் நின்று, மெல்ல வாலைத் தூக்கியது. கைக்கெட்டும் தூரத்தில்தான் துடைப்பம் இருந்தது. சத்தியபாய் எடுக்கவில்லை. அடுத்த லீவுக்கு ஜிஷா வந்து அரைமணி நேரத்தில் எழும்பிப் போனால், நாற்றத்தால்தான் போனாள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த நாற்றம் வேண்டியிருந்தது.